இறுக்கு மாமா

லாரி ஷெட்டில் அவருக்கு இருந்தது ஒரே ஒரு வார்த்தை. மூட்டைகளின் மேல் தார்ப்பாயை விரித்து, உச்சியில் நின்றுகொண்டு, கீழே கயிற்றைப் பிடித்திருப்பவனைப் பார்த்து "இறுக்கு!" என்பார். அவன் இழுப்பான். "இன்னும் இறுக்கு!" அவன் டயரில் காலை உதைத்துக்கொண்டு தொங்குவான். கயிற்றை விரலால் சுண்டினால் கம்பி மாதிரி அதிர வேண்டும். அதிராவிட்டால் வண்டி கிளம்பாது. ஓட்டுநர் ஹாரனில் கை வைத்தபடியே இருந்தாலும் சரி, முதலாளியே வந்து நின்றாலும் சரி.

பெயரே அதுவாகிவிட்டது. ஷெட்டில் 'இறுக்கு'. கல்யாணத்துக்குப் பிறகு மனைவியின் தம்பி அதில் உறவையும் சேர்த்து ஒட்டினான்: இறுக்கு மாமா. கேலிதான், ஆனாலும் அவருக்குப் பிடித்திருந்தது.

அந்த இறுக்கு மாமாவை இனி வெங்காயம் உரிக்க உட்கார வைப்பதா வேண்டாமா என்பதுதான் அன்றைக்கு வேனுக்குள் ஓடிய பேச்சு.

வேனை ஓட்டியது அந்தத் தம்பிதான், மாமாவின் மச்சான். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் அவன். படித்து முடித்துக் கிடைத்த அலுவலக வேலையை விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் கூடாரம் போட்டு, அலுவலகக்காரர்களை வார இறுதியில் கூட்டிப்போய்த் தங்கவைக்கும் தொழிலை ஆரம்பித்திருந்தான். சமையலுக்கு அவன் அக்கா, மாமாவின் மனைவி. கூடாரம், தார்ப்பாய், கயிறு எல்லாம் மாமா. முதுகு உடைந்து லாரி வேலை போய், வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தவரை "உங்க கையில இல்லாத கட்டா மாமா, வாங்க" என்று அழைத்துவந்தவனும் அவன்தான். அதனாலேயே இப்போது வாய் திறக்கச் சங்கடப்பட்டான்.

நடந்தது இதுதான். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடப் பெரிய தார்ப்பாய் ஒன்றை நான்கு மூலையிலும் கம்பம் நட்டு விரித்திருந்தார்கள். கம்பத்துக்கு ஒரு கயிறு, கயிற்றுக்கு மண்ணில் அடித்த இரும்பு முளை. எல்லாமே மாமாவின் லாரிக் கட்டு. சுண்டினால் அதிர்ந்தது. மத்தியானம் காற்று ஒரே தூக்காகத் தூக்கியது. முடிச்சு அசையவில்லை, அதனால் மற்றதெல்லாம் அசைந்தது. ஒரு மூலையில் கயிறு கோக்கும் பித்தளைக் கண் துணியோடு பிய்ந்து வந்தது. இன்னொரு மூலையில் முளை மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டு கயிற்றோடு சுழன்றுபோய் டீ கெட்டிலை நசுக்கியது. கெட்டிலுக்குக் கையெட்டும் தூரத்தில் ஒரு பெண் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"மாமா," என்றான் மச்சான், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "அடுத்த தடவை நீங்க சமையல் பக்கம் இருந்தா அக்காவுக்குக் கொஞ்சம் ஒத்தாசையா இருக்கும்."

"சமையல் பக்கம்னா?"

"காய் நறுக்கறது... வெங்காயம் உரிக்கறது..."

பின்னால் பாத்திரங்களுக்கு நடுவே கிழிந்த தார்ப்பாயை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்கா குரல் கொடுத்தாள். "எனக்கு ஒத்தாசை வேணும்னு உன்கிட்ட வந்து அழுதேனாடா?"

"அக்கா, நீ சும்மா இரு. அந்த முளை அந்தப் பொண்ணு தலையில பட்டிருந்தா?"

வேனில் கரண்டிகள் மட்டும் குலுங்கின.

"முடிச்சு அவுந்துச்சா?" என்று கேட்டார் மாமா. "சொல்லு. தார்ப்பாதான் பிஞ்சுது. முடிச்சு நின்னுச்சுல்ல?"

"முடிச்சு நின்னதுதான் மாமா பிரச்சனையே."

இதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குப் புரியவில்லை. குத்திக்காட்டுகிறான் என்பது மட்டும் புரிந்தது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வீட்டு வாசலில் வேன் நின்றபோது அக்கா இறங்காமல் தம்பியிடம் சொன்னாள்: "இன்னொரு தடவை அவரே கட்டட்டும். புதுக் கயிறு, புது முடிச்சு, எது வேணுமோ கத்துக்குவார். மறுபடியும் பிஞ்சுதுன்னா நீ ஒண்ணும் சொல்ல வேணாம், நானே வெங்காயத்தைக் கையில குடுத்து உக்கார வைக்கறேன்."

"பேச்சு மாற மாட்டியே?"

"என்னைக்குடா மாறியிருக்கேன்?"

மாமா அதற்குள் படியேறிப் போய்விட்டிருந்தார். ஆனால் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

மச்சான் மறுநாள் ஒரு கட்டு புதுக் கயிற்றைக் கொண்டுவந்து போட்டான். வழவழவென்று, மீன் தோல் மாதிரி பளபளத்தது. கூடவே கைபேசியில் ஒரு படமும் காட்டினான். நகரும் முடிச்சு. கட்டிய பிறகும் கையால் தள்ளினால் கயிற்றின் மேல் மேலும் கீழும் போகும். விட்டுவிட்டால், இழுக்கிற இழுப்பில் தானே பிடித்துக்கொள்ளும். காற்று அடித்தால் கொஞ்சம் இளக்கலாம், துணி தொய்ந்தால் கொஞ்சம் இறுக்கலாம். அவிழ்த்துக் கட்ட வேண்டியதில்லை.

மாமா படத்தைப் பார்க்கவே இல்லை. "நகர்ற முடிச்சுக்கு எதுக்கு முடிச்சுன்னு பேரு?" என்றார்.

அவர் லாரியிலிருந்து விழுந்தது ஒரு நகர்ந்த முடிச்சால்தான். உச்சியில் நின்று கயிற்றின் மேல் முழுப் பாரத்தையும் சாய்த்திருந்தார். கீழே கட்டியவன் அவசரத்தில் அரைகுறையாகக் கட்டியிருந்தான். கயிறு 'சர்ர்' என்று ஒரு முழம் ஓடியது. அந்த ஒரு முழம் போதுமாக இருந்தது. பிறகு மருத்துவமனைக் கட்டிலில் படுத்து மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோதெல்லாம் அந்தச் சத்தம்தான் காதில். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. விழுந்தேன் என்று சொன்னார். கயிறு ஓடியது என்று சொல்லவில்லை.

மச்சான் போன பிறகு மனைவி கேட்டாள். "என்னங்க, இந்த முடிச்சா? இதைத்தானே நாம பால்கனியில போட்டிருக்கோம்?"

"எங்க?"

"எங்கயா? துணி காயப் போடற கொடி. ஈரப் போர்வை போட்டா தொங்கிப்போகுதுன்னு பக்கத்து வீட்டம்மா கட்டிக் குடுத்தாங்க. ஏத்தறேன், இறக்கறேன். தினம் உங்க பனியன் தொங்கறது அதுலதான். தலையில இடிச்சுட்டுப் போவீங்களே தவிர ஒரு நாளாவது நிமிந்து பாத்திருக்கீங்களா?"

அவர் எழுந்துபோய்ப் பார்த்தார். கம்பியைச் சுற்றி வந்த நுனி, நீண்ட கயிற்றின் மேலேயே உள்பக்கம் இரண்டு சுற்று, வெளிப்பக்கம் ஒரு சுற்று. அவ்வளவுதான். ஈரத் துண்டும் இரண்டு பனியனும் அதில் சாவகாசமாக ஆடின. அவர் முடிச்சைப் பிடித்துத் தள்ளினார். போனது. கொடியைப் பிடித்துத் தொங்கினார். போகவில்லை. மறுபடி தள்ளினார். போனது. இதென்ன, ஆள் பார்த்துப் பேசுகிற முடிச்சாக இருக்கிறதே என்று நினைத்தார்.

அன்றிலிருந்து வீட்டில் கட்டில் கால், நாற்காலிக் கை, ஜன்னல் கம்பி ஒன்றையும் விடவில்லை. பழைய பருத்திக் கயிற்றில் முடிச்சு நன்றாகப் பிடித்தது. புதுக் கயிற்றில் வழுக்கியது. ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையில் நிறைதண்ணீர் வாளியை வெளியே தொங்கவிட்டுச் சோதித்தார். முடிச்சு 'சர்ர்' என்றது. வாளி கீழ்வீட்டு ஜன்னல் வரை போய்க் கவிழ்ந்தது.

"யாருய்யா அது? மேல என்ன குளிப்பாட்டறீங்களா?" என்று கீழ்வீட்டுக்காரர் கத்தினார்.

மனைவி எட்டிப் பார்த்து, "மன்னிச்சுக்குங்க அண்ணே, எங்க வீட்டுக்காரர் பரீட்சைக்குப் படிக்கிறாரு" என்றாள்.

மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சத்தம் காதைவிட்டுப் போகவில்லை. இரண்டு கைகளையும் லுங்கியில் துடைத்துக்கொண்டார். பிறகு உள்பக்கம் இன்னும் ஒரு சுற்று கூட்டிக் கட்டினார். வாளி நின்றது. கயிற்றை நனைத்துக் கட்டினார். நின்றது. ஆக, வழுக்கும் கயிற்றுக்கு உள்ளே மூன்று, பருத்திக்கு இரண்டு. கைக்குப் புரிந்துவிட்டது. முதுகுக்குத்தான் புரியவில்லை.

அடுத்த முகாமுக்குக் கிளம்பும் காலையில் துணிப்பையின் அடியில் தன் பழைய பருத்திக் கயிறு ஒன்றைச் சுருட்டி வைத்துக்கொண்டார். ஷெட்டிலிருந்து வந்தது. கட்டைவிரல் பருமன். எதற்கு என்று மனைவி கேட்கவில்லை. அவள் பார்க்கவில்லை.

ஏரிக்கரையில் அவர்கள் போய் இறங்கியபோது வெயில் நன்றாகத்தான் இருந்தது. மச்சான் வருகிறவர்களை வரவேற்கப் போனான். மாமா கம்பங்களை நட்டார். மூன்று மூலைகளில் புதுக் கயிறு, நகரும் முடிச்சு, உள்ளே மூன்று சுற்று. நான்காவது மூலை ஏரியைப் பார்த்தது, காற்று முதலில் வந்து மோதுகிற பக்கம். அங்கே வந்ததும் கை நின்றது. இந்த மூலை ஓடினால்? ஒரு முழம் ஓடினால் போதுமே. கீழே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அடுப்பு எரியும்.

சுற்றிலும் பார்த்தார். மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். அந்த மூலையில் முளையை மறைத்தபடி ஒரு புதர் இருந்தது. துணிப்பையிலிருந்து பருத்திக் கயிற்றை எடுத்தார். லாரிக் கட்டு. அவிழாமலிருக்க மேலே இரண்டு பூட்டு முடிச்சு. சுண்டினார். அதிர்ந்தது. அப்பாடா என்றிருந்தது. அந்த 'அப்பாடா'வோடேயே ஒரு உறுத்தலும் வந்து உட்கார்ந்துகொண்டது.

"எல்லாம் நகர்ற முடிச்சுதானே மாமா?" என்று வந்து கேட்டான் மச்சான்.

"பின்ன?"

மத்தியானத்துக்கு மேல் ஏரியின் அந்தக் கரை கறுத்தது. காற்று வந்தது, பின்னாலேயே மழையும் வந்தது. நீச்சலுக்குப் போயிருந்தவர்கள், பந்தாடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஓடிவந்து பெரிய தார்ப்பாயின் கீழ் ஒண்டினார்கள். ஓரத்தில் அடுப்பின் மேல் பெரிய குண்டானில் சோற்றுக்கு உலை கொதித்துக்கொண்டிருந்தது.

நனைந்ததும் புதுக் கயிறுகள் நீண்டன. தார்ப்பாயின் நடு தொங்கி, தண்ணீர் கோத்து, பெரிய தொப்பை போலப் புடைத்தது. மாமா மழையில் ஓடி ஒரு மூலை முடிச்சைத் தள்ளினார். இறுகியது. அடுத்த மூலை. இறுகியது. தொப்பை வழிந்து தண்ணீர் ஓரமாகக் கொட்டியது. உள்ளே இருந்தவர்கள் "மாமா, சூப்பர்!" என்று கை தட்டினார்கள். அவருக்கே ஆச்சரியம். அவிழ்க்காமல், கட்டாமல், ஒரு தள்ளு. மூன்றாவது மூலைக்கு ஓடும்போது முதுகு வலியே தெரியவில்லை.

நான்காவது மூலையை அவர் மறக்கவில்லை. அது நின்றுகொண்டிருந்தது. இறுக்கமாகத்தான் இருந்தது. அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

பருத்திக் கயிறு நனைந்தால் நீளாது, சுருங்கும். இது அவருக்குத் தெரியாத விஷயமா? மழையில் நனைந்த லாரிக் கயிறு இரும்பாகிவிடும். லாரியில் அது நல்ல செய்தி, சுமை இன்னும் பத்திரம். இங்கே அந்தக் கயிறு கொஞ்சம் கொஞ்சமாகத் தார்ப்பாயைத் தன் பக்கம் தின்றுகொண்டிருந்தது. கம்பம் முனகியது. பித்தளைக் கண்ணைச் சுற்றியிருந்த தையல் ஒவ்வொன்றாகத் தெறிக்க ஆரம்பித்தது.

முதலில் பார்த்தது மனைவிதான். குண்டானுக்கு நேர் மேலே அந்த மூலை. அவள் அண்ணாந்து பார்த்து, கரண்டியோடு கையை ஆட்டிக் கத்தினாள்:

"இளக்குங்க! அந்த மூலையை இளக்குங்க!"

காற்றும் மழையும் அந்த வார்த்தையின் நடுவைத் தின்றுவிட்டன. முதலில் ஒரு 'இ', கடைசியில் ஒரு 'க்குங்க'. அவர் காதுக்கு அது போதும். எத்தனையோ வருடம் ஒரே வார்த்தை பேசிய ஆளுக்கு வேறென்ன கேட்கும்?

இறுக்குங்க.

அவர் புதருக்கு ஓடினார். கயிற்றை இரண்டு கையாலும் பற்றி, முளையில் காலை உதைத்து, பழைய பலத்தையெல்லாம் கூட்டி இழுத்து, இன்னொரு பூட்டுப் போட்டார். தலைக்கு மேலே துணி கிழியும் சத்தம் 'பர்ர்' என்று கேட்டது.

உள்ளே யாரோ வீறிட்டார்கள்.

மனைவி மழையில் ஓடிவந்தாள். வந்தவள் அவர் கைமேல் கை வைத்தாள். அப்புறம் புதரை விலக்கி முடிச்சைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இளக்குன்னேங்க," என்றாள். கத்தவில்லை.

அவர் பூட்டைப் பிரிக்கப் பார்த்தார். நனைந்து சுருங்கிய பருத்தி, கல்லாகியிருந்தது. நகம் பெயர்ந்தது. மச்சான் சமையல் கத்தியோடு ஓடிவந்தான். "நகருங்க, அறுத்துடறேன்!"

"வேணாம்!" என்று அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இந்த இழுப்புல அறுத்தா கம்பம் அப்படியே உள்ள சாயும். அடுப்பு மேலதான் விழும்."

"அப்ப என்னதான் பண்றது?"

அவருக்குத் தெரியவில்லை. லாரியில் இப்படி ஒரு நிலைமையே வராது. லாரியில் யாரும் எதையும் இளக்கச் சொன்னதில்லை. இன்னொரு தையல் தெறித்தது. உள்ளே இருந்தவர்களை மனைவி மறுபுறம் போகச் சொல்லி விரட்டினாள், ஆனால் குண்டானை யாரால் தூக்க முடியும்? அவர் கம்பத்தை அடியிலிருந்து உச்சி வரை பார்த்தார். உயரத்தைக் குறைத்தால் கயிறு தளரும்.

"மச்சான், கத்தியைப் போடு. கம்பத்தைக் கட்டிப் பிடி. விடாத. அடியை மட்டும் வெளிப்பக்கமா மெதுவா நகர்த்து."

மச்சான் கம்பத்தைக் கட்டிக்கொண்டான். அடி சேற்றில் வழுக்கி நகர்ந்தது. உச்சி ஒரு சாண் இறங்கியது. கயிற்றில் உயிர் போய், தளர்ந்தது. மனைவி கரண்டிக் காம்பை முடிச்சுக்குள் விட்டு நெம்பினாள். ஒரு பூட்டு. இன்னொன்று. மூன்றாவது பூட்டை அவர் பல்லால் கடித்து இழுத்தார். வாயெல்லாம் பழைய டீசலும் மண்ணும். கட்டு பிரிந்தது.

"மாமா, சீக்கிரம்! கை வழுக்குது!"

இப்போது நுனி அவர் கையில். முளையைச் சுற்றி வந்தார். உள்ளே ஒன்று. உள்ளே இரண்டு. வெளியே ஒன்று. கை செய்தது. "தூக்கு!" என்றார். மச்சான் கம்பத்தை நிமிர்த்தியபோது காற்று மறுபடி அடித்தது. அவர் முடிச்சைப் பிடித்துக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார். கயிறு உள்ளங்கைக்குள் 'சர்ர்' என்று ஓடியது.

அதே சத்தம். முதுகெலும்பு முழுக்கக் குளிர்ந்தது. ஓடட்டும், ஓடட்டும் என்று பல்லைக் கடித்தார். பிறகு கையை எடுத்தார்.

முடிச்சு நின்றது.

தார்ப்பாய் மூச்சு விடுவது போல உப்பி, அடங்கி, மறுபடி உப்பியது. கிழிசல் ஒரு சாணோடு நின்றுவிட்டது. மழை ஓயும் வரை அவர் அந்த மூலையிலேயே குந்தி உட்கார்ந்து, முடிச்சில் இரண்டு விரலை வைத்தபடி, காற்று வந்தால் விட்டும் போனால் இழுத்தும் கொண்டிருந்தார். அலுவலகக்காரர்கள் சோறு வெந்ததா என்று கேட்டார்கள். துணி கிழிந்தது எதனால் என்று அவர்களுக்குத் தெரியாது.

மழை விட்ட பிறகு மச்சான் வந்து நின்றான். சேறு தலைவரை. பருத்திக் கயிற்றின் நுனியைக் காலால் புரட்டினான்.

"இது நம்ம கயிறு இல்லையே."

"என்னோடது."

"முன்னாடி என்ன கட்டு கட்டியிருந்தீங்க?"

கட்டு இப்போது இல்லை. பிரித்தாயிற்று. எதையும் சொல்லலாம். மனைவி குண்டானருகே நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லாரிக் கட்டு," என்றார்.

மச்சான் கயிற்றைக் காலால் தள்ளினான். "நான் கேட்டேன் மாமா. பின்ன-ன்னு சொன்னீங்க. அங்க உலை கொதிச்சிட்டிருந்துச்சு. அக்கா அங்கதான் நின்னுட்டிருந்தா."

மாமா எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சமையல் பக்கம் நடந்தார். வெங்காய மூட்டையருகே உட்கார்ந்து ஒன்றை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.

"என்ன பண்றீங்க?" என்றாள் மனைவி.

"பேச்சு பேச்சுதானே. பிஞ்சுது. நீ குடுக்கறதுக்கு முன்னாடி நானே எடுத்துக்கிட்டேன்." பிறகு, தலையைத் தூக்காமல், தணிந்த குரலில்: "எனக்கு அந்தச் சத்தம் ஆகல. அன்னிக்கும் கயிறு இப்படித்தான் ஓடுச்சு. அதுலதான் விழுந்தேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். மச்சானும் வந்து கேட்டுக்கொண்டுதான் நின்றான்.

"உரிங்க, யாரு வேணாம்னா," என்றாள் அவள் கடைசியில். "உரிச்சுட்டுப் போய் அந்த மூலையைப் புதுக் கயித்துல மாத்திக் கட்டுங்க. மழையில முடிச்சைக் கையில வச்சுட்டு உக்காந்திருந்தீங்களே, அது மாதிரி உக்கார இங்க வேற ஆளு யாரு இருக்கா? ஆனா ஒண்ணு. கட்டி முடிச்சதும் நாலு மூலையையும் நான் இழுத்துப் பாப்பேன். புதர் இருந்தா புதரை வெட்டிட்டுப் பாப்பேன். நான் சரின்னு சொல்ற வரைக்கும் ஒருத்தரும் கீழ உக்காரக் கூடாது. என்னடா சொல்றே?"

மச்சான் மாமாவின் பெயர்ந்த நகத்தைப் பார்த்தான். தன்னுடைய சிவந்த உள்ளங்கையைப் பார்த்தான். "நீ பாத்தா சரிக்கா," என்றான். "ஆனா இந்தப் பழைய கயிறு என் வேன்ல ஏறக் கூடாது."

"அப்புறம் இந்த 'இளக்கு'ங்கற வார்த்தை வேணாம்," என்றார் மாமா. "என் காதுல விழாது. 'விடு'ன்னு சொல்லு."

"விடுன்னா மொத்தமா விட்டுட்டுப் போயிடுவீங்களே?" என்றாள் அவள்.

"போனா இழுத்துக்க."

வெங்காயம் உரித்து முடிந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன, காரணத்தை யாரும் கேட்கவில்லை. ஏரிப் பக்க மூலையில் கிழிசலுக்குப் பக்கத்துத் துணியைச் சேர்த்துக் கட்டி, புதுக் கயிற்றைக் கோத்து, உள்ளே மூன்று, வெளியே ஒன்று போட்டார். தார்ப்பாயின் வெளியே தட்டுகளோடு ஆட்கள் நின்றிருந்தார்கள்.

மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முதல் மூலையை இழுத்தாள். இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொன்றிலும் முடிச்சைத் தள்ளி, விட்டு, தொங்கிப் பார்த்தாள். அவர் பின்னாலேயே நடந்தார். நான்காவது மூலையில் புதர் இப்போது இல்லை. அவள் குனிந்து கயிற்றைப் பற்றி, முழு உடம்பையும் பின்னால் சாய்த்தாள். அவர் தன்னையறியாமல் ஒரு கையை அவள் முதுகுக்குப் பின்னால் நீட்டி வைத்திருந்தார்.

கயிறு ஓடவில்லை.

அவள் நிமிர்ந்தாள். முடிச்சை ஒரு விரலால் தள்ளினாள், நகர்ந்தது. திரும்பி, பசியோடு நின்றவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"ம்ம். பனியன் காயப் போடலாம்."